நீர் நுழையும் வழிகள்

படகைக் கெடுப்பது எது என்று கேட்டால் புயல், பாறை, பேரலை என்ற விடைகளே முதலில் நினைவுக்கு வரும் என்றாலும், அன்றாடம் கடலுக்குப் போய்வரும் ஒரு சிறு படகின் ஆயுளைக் குறைப்பவை பெரும்பாலும் அவை அல்ல. ஒரு போல்ட் துளையின் விளிம்பில், வண்ணப்பூச்சுக்கு அடியில் ஓடும் மயிரிழை வெடிப்பில், இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என, கண்ணுக்குப் பெரிதாகப் படாத வழிகளில் நீர் உள்ளே புகுந்து, மாதக்கணக்கில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலை முற்றிய பிறகே அது வெளியில் ஒரு கசிவாகவோ வெடிப்பாகவோ தெரியவருகிறது. ஆகவே படகைத் தம் கையாலேயே பழுதுபார்க்க முனைபவர், எதைக் கொண்டு அடைப்பது என்று யோசிப்பதற்கு முன்பு, நீர் எந்த வழியாக வந்தது, வந்து என்ன செய்தது என்று கண்டறிய வேண்டியிருக்கிறது. அதைக் கண்டறியாமல் பூசப்படும் பட்டியும் வண்ணமும் பழுதை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

தமிழகக் கடற்கரையில் பழுதுபார்ப்புக்கென்று ஒரு பருவமே உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தை முன்னிட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை இருப்பதால், காசிமேடு, நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி போன்ற இடங்களில் அந்த இரண்டு மாதங்களும் படகுகள் கரையேற்றப்பட்டு, சுரண்டப்பட்டு, பலகை மாற்றப்பட்டு, வண்ணம் பூசப்படுகின்றன. சிறிய ஃபைபர் படகுகளுக்கு அப்படிப்பட்ட நீண்ட ஓய்வு வாய்ப்பதில்லை. அவை அலையடிக்கும் திறந்த கரையிலிருந்து தள்ளப்பட்டு, திரும்பும்போது மணலின்மேல் இழுக்கப்படுகின்றன. பழுது நேர்ந்தால் பட்டறைக்குக் கொண்டுபோகும் செலவும் நாளும் கட்டுப்படியாகாததால், உரிமையாளரும் உடன் செல்வோருமே கரையில் வைத்து அதைச் சரிசெய்கிறார்கள். இந்த அத்தியாயம் பெரிதும் அந்தப் படகைப் பற்றியது. எனினும் மரத்தைப் பற்றிச் சில செய்திகளை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஃபைபர் படகுக்குள்ளும் மரம் ஒளிந்திருக்கிறது.

மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படும் கட்டுமரத்தில் கசிவு என்ற சிக்கலே எழுவதில்லை. நீர் ஒருபுறம் ஏறி மறுபுறம் வடிந்துவிடும். கரையேறியதும் கட்டை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே காயப்போடும் வழக்கம், ஊறிய மரத்தின் எடையைக் குறைத்ததோடு, மரத்தைத் துளைக்கும் உயிரினங்கள் நிலைகொள்ளவும் இடம் தராமல் காத்தது. அந்த எளிய வழக்கத்தைப் பராமரிப்பு அறிவியலின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் கொள்வதில் தவறில்லை. பலகைகளைச் சேர்த்துக் கட்டிய வள்ளத்திலோ நிலைமை வேறு. மரம் நீரை உறிஞ்சும்போது அதன் நீளம் ஏறத்தாழ மாறுவதே இல்லை. அகலம் மட்டும் விரிகிறது. இரண்டு பலகைகளுக்கு இடையே உள்ள பொருத்துவாயில் பஞ்சுத்திரியையோ தென்னை நாரையோ உளியால் செருகி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய கலவையால் மூடும் கலப்பத்து வேலை, இந்த விரிவைக் கணக்கில் கொண்டே செய்யப்படுகிறது: நீரில் இறங்கியதும் பலகைகள் விரிந்து நாரை நெருக்கிப் பிடித்துக்கொள்ள, பொருத்துவாய் தானாக இறுகுகிறது. வெயிலில் பல வாரம் காய்ந்து கிடந்த படகு நீரில் இறக்கியவுடன் கசிவதும், ஓரிரு நாளில் கசிவு தானே நின்றுவிடுவதும் இதனால்தான். காய்ந்த நிலையில் தெரியும் இடைவெளியைக் கண்டு அஞ்சி, அதில் நாரை அளவுக்கு மீறி அடித்து இறுக்கிவிட்டால், பிறகு விரிய இடமில்லாத பலகைகள் உள்விலாக்களை அழுத்தி ஆணிகளை இழுத்துவிடும். கசிவை அறவே ஒழிக்கும் ஆவலில் செய்யப்படும் வேலையே படகைத் தளர்த்திவிடுகிறது என்பது, புதிதாகப் பழுதுபார்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய முதல் செய்தி.

மரத்துக்கு நேரும் மற்றொரு கேடு கப்பல் புழு. பெயரில் புழு என்றிருந்தாலும் இது மட்டி, சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. நுண்ணிய இளம் பருவத்தில் குண்டூசி முனையளவு துளை வழியாக மரத்துக்குள் நுழைந்து, வளர வளரத் தன் ஓட்டின் அரம் போன்ற விளிம்பால் மரத்தைக் குடைந்துகொண்டே செல்கிறது. அதன் செவுள்களில் வாழும் பாக்டீரியாக்கள் மரத்தின் செல்லுலோசைச் சிதைக்கும் நொதிகளைத் தருவதால் மரமே அதற்கு உணவாகிறது. வெளியே தெரிவது அதே குண்டூசித் துளை மட்டுமே என்பதால், பார்வைக்கு நல்ல பலகை போலத் தோன்றுவது உள்ளே தேன்கூடாக இருக்கக்கூடும். கத்தி முனையால் குத்திப் பார்ப்பதே இன்றளவும் நம்பத்தக்க சோதனை.

ஃபைபர் படகு இந்த இரண்டு தொல்லைகளையும் கடந்துவிட்டதாகத் தோன்றியதே அது விரைவாகப் பரவியதற்கு ஒரு காரணம். கண்ணாடியை உருக்கி இழுத்த மெல்லிய இழைகளைப் பாலியெஸ்டர் ரெசின் எனப்படும் பிசினில் தோய்த்து அடுக்கினால், கான்கிரீட்டுக்குள் கம்பி செய்யும் வேலையை இழை இங்கே செய்கிறது: இழுவிசையை இழை தாங்க, இழைகளைத் தத்தம் இடத்தில் நிறுத்தி விசையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துவது ரெசினின் பொறுப்பு. ரெசின் மட்டுமே உள்ள இடம் கெட்டியாகத் தோன்றினாலும் நொறுங்கக்கூடியது. இழை மட்டும் இருந்து ரெசின் போதாத இடம் நீரை உறிஞ்சக்கூடியது. துண்டு இழைகளைப் பாய்போல் பரப்பிச் செய்த மேட்டுக்கு அதன் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசினும், நூலாகத் திரட்டி நெய்த ரோவிங் துணிக்கு ஏறத்தாழச் சம எடை ரெசினும் தேவைப்படும். இந்த அடுக்குகளுக்கு வெளியே, நிறமி கலந்த இழையில்லா ரெசின் பூச்சாக அரை மில்லிமீட்டர் அளவில் அமைவதே ஜெல்கோட். படகின் பளபளப்பு அதனுடையது. வலிமையில் அதற்குப் பங்கில்லை.

பழுதைப் படித்தறிவதற்கு ஜெல்கோட்டே முதல் ஏடு. ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் கதிர்போல் விரியும் வெடிப்புகள், அந்த இடத்தில் ஏதோ மோதியதைக் காட்டும். மோதல் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருக்கும். ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் வெடிப்புகளோ, அங்கே படகின் உடல் திரும்பத் திரும்ப வளைவதைச் சொல்கின்றன: மெல்லிய பக்கச்சுவர் திடீரென்று ஒரு விறைப்பான குறுக்குத் தடுப்பைச் சந்திக்கும் இடத்தில் வளைவு முழுவதும் ஒரே கோட்டில் குவிவதால் அவ்வெடிப்பு தோன்றுகிறது. முதல் வகையைச் செதுக்கி நிரப்பினால் போதும், உள்ளே அடுக்குகள் பிரியாமல் இருந்தால். இரண்டாவது வகையை எத்தனை முறை நிரப்பினாலும் சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் வெடிக்கும். உட்புறத்தில் அடுக்குகளைப் படிப்படியாகக் கூட்டி விறைப்பு மாறும் எல்லையைப் பரவலாக்கினால்தான் அது நிற்கும். அடுக்குகள் பிரிந்துள்ளனவா என்பதை அறிய, சிறிய பிளாஸ்டிக் சுத்தியல் கொண்டோ நாணயத்தின் விளிம்பாலோ சாண் இடைவெளியில் தட்டிச் செல்வது வழக்கம். நல்ல பகுதி கணீரென்று ஒலிக்க, பிரிந்த பகுதி மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரிந்த காயத்தைவிடச் சாக்கட்டி வட்டம் பெரிதாக அமைவதைப் பெரும்பாலும் காணலாம்.

இனி அந்த வட்டத்துக்குள் என்ன செய்வது என்பதற்கு ரெசினின் வேதியியல் விடை தருகிறது. டப்பாவில் உள்ள பாலியெஸ்டர் ரெசின் என்பது, இரட்டைப் பிணைப்புகளை உடைய நீண்ட மூலக்கூறுகள் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கும் கலவை. மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்ற திரவத்தை அதில் சிறிதளவு சேர்த்ததும், பெராக்சைடு பிளந்து தனியுறுப்புகள் எனப்படும் தீவிரமான மூலக்கூறுத் துண்டுகள் உருவாகி, அவை இரட்டைப் பிணைப்புகளைத் திறக்க, ஸ்டைரீன் பாலங்கள் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து முப்பரிமாண வலையாக்குகின்றன. கடைகளில் இதைக் கேட்டலிஸ்ட் என்று கேட்டு வாங்கினாலும், வினையில் தானும் செலவாகிவிடுவதால் வேதியியலார் இதை வினைதொடக்கி என்பதே வழக்கம். அறை வெப்பநிலையிலேயே பெராக்சைடு பிளக்கும்படி முடுக்குவது கோபால்ட் உப்பு. இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பது இந்த வேலையின் தலையாய எச்சரிக்கை: ரெசினில் நீர்த்துப்போகாத நிலையில் அவை சந்தித்தால் வினை கட்டுமீறித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட் முன்பே கலந்து விற்கப்படும் ரெசினை வாங்குவதே தனியாக வேலை செய்பவருக்குப் பாதுகாப்பானது. பெராக்சைடு ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை பறிபோகக்கூடும் என்பதால், கண்ணாடிக் கவசம் அணியாமல் அந்தப் புட்டியைத் திறப்பதற்கு எந்த அவசரமும் நியாயமாகாது.

அளவு, ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். ஒரு விழுக்காட்டுக்கும் கீழே குறைத்தால் வலை முழுமையாகப் பின்னப்படாமல் நின்றுவிடும். பிறகு எத்தனை நாள் காயவைத்தாலும் அந்தக் குறை தீராது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலின் பொதுவான கணக்கு; சித்திரை வெயிலில் நண்பகலில் கலக்கிய ரெசின் தூரிகையைத் தொடுவதற்குள் கட்டியாகிவிடுவது அதனால்தான். வினையே வெப்பத்தை வெளியிடுவதால், ஆழமான டப்பாவில் இருக்கும் ரெசின் தன் சூட்டிலேயே மேலும் விரைந்து புகைய ஆரம்பிக்கும். அகன்ற தட்டில் ஊற்றினால் சூடு வெளியேறிவிடும். காலையிலோ மாலையிலோ, நிழலில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிப் பூசுவதே முறை. மேட் ஈரமாக இருக்கக் கூடாது. கடற்காற்றின் ஈரத்தை வாங்கிய இழையில் ரெசின் சரியாக ஒட்டாமல் வெண்மை படரும்.

பழைய படகின்மேல் புதிய அடுக்கு எப்படி ஒட்டுகிறது என்பதே பழுதுபார்ப்பின் மையம். படகு முதன்முதலில் செய்யப்படும்போது, ஓரடுக்கு முழுதாக இறுகும் முன்பே அடுத்தது இடப்படுவதால் இரண்டின் மூலக்கூறுகளும் ஒரே வலையாகப் பின்னிக்கொள்கின்றன. ஆண்டுகள் கழிந்த படகில் பிணைய இடங்கள் ஏதும் மிச்சமில்லை. புதிய ரெசின் பழைய பரப்பின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்க மட்டுமே முடியும். அந்தப் பிடி போதுமானதாக அமைய வேண்டுமானால் பிடிக்கும் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் துளையின் விளிம்பு செங்குத்தாக விடப்படாமல், சுவரின் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கப்படுகிறது. 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவரில் 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு துளை விழுந்திருந்தால், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 72 மில்லிமீட்டர் சரிவு எடுக்க வேண்டும். அதாவது தேய்த்து முடித்த வட்டம் 244 மில்லிமீட்டர் ஆகும். துளையை அடைக்க வந்தவர் அதைவிட இரண்டரை மடங்கு அகலத்துக்கு நல்ல சுவரையும் தேய்த்துக் கரைப்பது காண்பவருக்குப் பதற்றம் தரலாம். ஆனால் செங்குத்தான விளிம்பில் 6 மில்லிமீட்டர் பட்டையை மட்டுமே பிடித்துக்கொள்ளும் ஒட்டு, அலை ஒவ்வொரு முறை அறையும்போதும் அந்த விளிம்பிலேயே பிளக்கத் தொடங்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிக்கனமின்மையின் தேவை விளங்கும்.

தேய்க்கும்போது கிளம்பும் கண்ணாடித் துகள் நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடு. மூக்கை மூடும் துணி அதற்குப் போதாது, துகள் வடிக்கும் முகமூடியே வேண்டும். பரப்பை அசிட்டோனால் துடைத்த பின்னர், உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ மெழுகு பூசிய வழவழப்பான தகடொன்றைத் தாங்கலாக வைத்து, அடுக்குகளை இட வேண்டும். 450 கிராம் மேட் ஓரடுக்கு இறுகியபின் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும். ஆகவே மேலே சொன்ன சுவருக்கு ஆறு அடுக்குகள். சிறிய வட்டத்தை முதலில் இட்டு மேலே பெரிதாக்கிக்கொண்டு போவதா, பெரிய வட்டத்தை முதலில் இடுவதா என்பதில் கைவினைஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரியதை முதலில் இடுவதே அறிவியலோடு பொருந்துகிறது: அந்த ஒரே அடுக்கு சரிவு முழுவதையும் பற்றிக்கொள்கிறது, முடிவில் மேற்பரப்பைச் சமன்செய்யத் தேய்க்கும்போது வெட்டுப்படுவது மிகச் சிறிய அடுக்காகவே இருக்கும். ஒவ்வோர் அடுக்கையும் தூரிகையால் தேய்க்காமல் குத்தி நனைத்து, வரிப்பள்ளமுள்ள உலோக உருளையால் நடுவிலிருந்து வெளிப்புறமாக உருட்ட, மேட்டின் வெண்மை மறைந்து கீழே உள்ள பரப்பு தெளிவாகத் தெரியும். வெள்ளைப் புள்ளியாக நிற்கும் இடமெல்லாம் சிக்கிக்கொண்ட காற்று. அப்புள்ளிகளே நாளைக்கு நீர் தங்கும் அறைகள்.

காற்றின் ஆக்சிசன் தனியுறுப்புகளைச் செயலிழக்கச் செய்வதால், திறந்திருக்கும் கடைசிப் பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். அடுத்த அடுக்கு ஒட்டுவதற்கு அது நல்லது. இறுதிப் பூச்சுக்கு அது ஆகாது. ஆகவே இறுதிப் பூச்சில் சிறிதளவு பாரஃபின் மெழுகுக் கரைசல் கலக்கப்படுகிறது. அது மேலே மிதந்து மெல்லிய ஏடாகக் காற்றை மறைக்கிறது. சில மணி நேரத்தில் கெட்டியாகிவிட்டாலும் வலை முழுமையடையப் பல நாட்கள் ஆகும். அசிட்டோனில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தால் பரப்பு மறுபடி ஒட்டும் தன்மை அடைகிறது என்றால், அந்தப் படகு இன்னும் கடலுக்குத் தயாராகவில்லை.

ஜெல்கோட் சிதையாமல் இருந்தாலும் நீர் உள்ளே போவதுண்டு. எந்த நெகிழியும் முற்றிலும் நீர்புகாதது அல்ல. மூலக்கூறு மூலக்கூறாக நீர் ஊடுருவி, உள்ளே வினையில் சேராமல் நின்றுபோன கிளைக்கால் போன்ற பொருள்களைக் கரைத்து, சிறு அறையில் அடர்ந்த கரைசலாகிறது. சவ்வூடு பரவலின் விதிப்படி, அடர்த்தி குறைந்த வெளிநீர் அடர்ந்த கரைசலை நோக்கி மேலும் மேலும் ஈர்க்கப்பட, அழுத்தம் ஏறி ஜெல்கோட் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளத்தைக் குத்தினால் தெறிக்கும் திரவத்துக்குக் காடியின் நெடி இருக்கும். ரெசினே நீரால் சிதைந்து அமிலமானதன் அடையாளம் அது. கடல்நீரில் உப்பு இருப்பதால் உள்ளேயும் வெளியேயும் உள்ள அடர்த்தி வேறுபாடு குறைகிறது. இதனால் ஆற்றிலும் காயலிலும் மிதக்கும் படகிலேயே கொப்புளம் விரைவாகத் தோன்றும். நாள்தோறும் கரையேறிக் காயும் படகுக்கு இந்தக் கவலை குறைவு. கொப்புளம் வந்துவிட்டால் அதைத் திறந்து, நன்னீரால் பலமுறை கழுவி அமிலத்தை அகற்றி, வாரக்கணக்கில் உலரவிட்டு, எப்பாக்சி பிசினால் மூட வேண்டும். எப்பாக்சி பழைய பரப்பை மிக நன்றாகப் பற்றும், இறுகும்போது சுருங்குவதும் குறைவு. ஆனால் பாலியெஸ்டருக்கென்று செய்யப்பட்ட சாதாரண மேட்டில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை ஸ்டைரீனில் மட்டுமே கரைவதால், எப்பாக்சியோடு நெய்த துணியையே பயன்படுத்த வேண்டும்.

ஃபைபர் படகுக்குள் ஒளிந்திருக்கும் மரம் என்று முன்பு குறிப்பிட்டது, எஞ்சின் தொங்கும் பின்பலகை. கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே பிளைவுட்டை வைத்து மூடியே அது பெரும்பாலும் செய்யப்படுகிறது. எஞ்சினைப் பொருத்தப் போடும் ஒவ்வொரு போல்ட் துளையும் அந்த உறையில் ஒரு வாசல். எஞ்சினின் அதிர்வு துளையை நாளுக்கு நாள் தளர்த்த, நீர் பிளைவுட்டுக்குள் ஊறி வெளியேற வழியின்றித் தங்குகிறது. மரத்தை உளுக்கச் செய்வது நீரன்று, பூஞ்சை. மரத்தின் ஈரம் கால் பங்கைத் தாண்டிக் காற்றும் கிடைக்கும்போது அது செழிக்கிறது. உப்பு பூஞ்சைக்கு ஒவ்வாதது என்பதால் கடல்நீரைவிட மழைநீரே இங்கே பெரும்பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையில் கிடக்கும் படகுக்குள் தேங்கும் நன்னீர், கடலில் கழித்த ஓராண்டைவிட அதிகக் கேடு செய்யக்கூடும். வடிதுளையின் அடைப்பானைக் கழற்றிவிட்டு, அணியம் எனப்படும் முன்பகுதி உயர்ந்திருக்குமாறு படகைச் சாய்த்து நிறுத்துவதற்கு ஒரு பைசா செலவில்லை. எஞ்சினை மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகை உடன் வளைந்தாலோ, போல்ட்டைக் கழற்றியதும் துளையிலிருந்து பழுப்பு நீர் வடிந்தாலோ, உட்புற அடுக்கை வெட்டித் திறந்து, உளுத்த மரம் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிய பலகையில் துளைகளைத் தேவையைவிட அகலமாகத் துளைத்து, எப்பாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிட்டால், போல்ட்டைச் சுற்றி மரமே தெரியாது. துளையில் நீர் புகுந்தாலும் அது பிசினை மட்டுமே தொட்டுத் திரும்பும்.

போல்ட் என்றதும் உலோகத்தின் கதை தொடங்கிவிடுகிறது. 1761ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை, கப்பல் புழுவிலிருந்து காப்பதற்காக ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதற்கும் செப்புத் தகடு அறைந்தது. கப்பல் திரும்பியபோது புழுவும் இல்லை, பாசியும் இல்லை; ஆனால் தகட்டை மரத்தோடு பிணைத்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் அரித்துப்போயிருந்தன. தகட்டைப் பொதிந்து வந்த பழுப்புத் தாள் தற்செயலாகக் கிழியாமல் நின்று, இரும்பையும் செம்பையும் பிரித்து வைத்திருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் நலமாக இருந்தன. மின்வேதியியல் பிறப்பதற்கு முன்பே அதன் அடிப்படைப் பாடத்தை அந்தத் தாள் காட்டிவிட்டது. உப்புநீரில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம். எளிதில் எலெக்ட்ரானை இழக்கும் உலோகம் கரைய, மற்றது காக்கப்படுகிறது. வேதியியலறிஞர் ஹம்ஃப்ரி டேவி 1824இல் இதையே தலைகீழாகப் பயன்படுத்தி, செப்புத் தகட்டோடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்தால் அவை கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். அறிவியல் வென்றது, கப்பல் தோற்றது. செம்பு கரையாமல் நின்றதும் கொட்டலசுகளும் பாசியும் அதில் படியத் தொடங்கின. கரைந்துகொண்டிருந்த செம்பின் நச்சே அதுவரை அவற்றை விலக்கி வைத்திருந்தது.

டேவியின் துத்தநாகம் இன்று பல அவுட்போர்டு எஞ்சின்களின் கீழ்க்காலில் ஒரு சாம்பல் நிறக் கட்டியாக இருக்கிறது. தன்னைக் கொடுத்து எஞ்சினைக் காக்கும் அந்த ஆனோடு பாதியளவு கரைந்ததும் மாற்றப்பட வேண்டும். ஆண்டுகள் ஆகியும் அது கரையவே இல்லை என்றால் மகிழ்வதற்கு ஏதுமில்லை: ஒன்று, உலோகத் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது, அல்லது அதன்மேல் யாரோ வண்ணம் பூசியிருக்கிறார்கள். எஞ்சினை அழகாக்க வண்ணம் அடிக்கும்போது ஆனோடையும் சேர்த்து அடித்துவிடுவது கடற்கரையில் அடிக்கடி நடக்கும் தவறு. பித்தளைத் திருகுகள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அவற்றிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்புக் கூடு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அவை விரல் அழுத்தத்திலேயே முறியலாம். துருவேறா எஃகுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதைக் காப்பது ஆக்சிசனால் உருவாகும் கண்காணாக் குரோமிய ஆக்சைடு ஏடு. ஈரமான மரத்துக்குள் காற்றின்றி நிற்கும் தண்டில் அந்த ஏடு புதுப்பிக்கப்படாமல் குழிகள் விழுகின்றன. தலை பளபளக்க, உள்ளே தண்டு பாதியாகியிருக்கும். சில போல்ட்டுகளையாவது ஆண்டுக்கொரு முறை முழுதாகக் கழற்றிப் பார்ப்பது இதனால்தான்.

எஞ்சியிருப்பது அடிப்பகுதிப் பூச்சு. நாள்தோறும் கரையேறும் படகுக்கு இது தேவையே இல்லை. துறைமுகத்தில் மிதந்தே கிடக்கும் படகுக்கு இன்றியமையாதது. நீரில் இறங்கிய பரப்பில் சில நிமிடங்களில் கரிமப் பொருள்கள் படிகின்றன, சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வருகின்றன, பிறகு நுண்பாசிகளும், அவற்றைத் தொடர்ந்து கொட்டலசுகளும் குடியேறுகின்றன. உராய்வு கூடி எரிபொருள் செலவு ஏறுகிறது. குப்ரஸ் ஆக்சைடு கலந்த பூச்சு, செப்புத் தகடு செய்த வேலையை மெல்லக் கரைந்து செய்கிறது. அதைவிட ஆற்றல் மிக்க டிரைபியூட்டைல் டின் பூச்சுகள், பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பைச் சீரழித்ததை அடுத்து, 1982இல் அந்நாட்டில் சிறு படகுகளுக்குத் தடைசெய்யப்பட்டன. 2008இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை எல்லாக் கப்பல்களிலிருந்தும் அவற்றை விலக்கியது. செப்புப் பூச்சை அலுமினிய எஞ்சின் காலில் நேரடியாகப் பூசக் கூடாது. அலாரம் கப்பலின் ஆணிகளுக்கு நேர்ந்தது அலுமினியத்துக்கும் நேரும். பழைய பூச்சை அகற்றும்போது உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல், நனைத்துத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்தினால் செம்பு கலந்த தூசி மூச்சில் கலப்பது தடுக்கப்படும். படகின் கீழே தார்ப்பாய் விரித்து, உதிர்ந்த செதில்களையும் வழிந்த சேற்றையும் திரட்டிக் கடற்கரைக்கு வெளியே சேர்க்க வேண்டும், ஏனெனில் கொட்டலசுகளைக் கொல்லவென்று சேர்க்கப்பட்ட அந்தச் செம்பு, மணலில் விடப்பட்டால் அடுத்த மழையோடு கரையோரத்து மட்டிகளுக்கும் மீன்குஞ்சுகளுக்குமே போய்ச் சேரும்.